ஃபேன் சுற்றும் வரைக்கும்

முள் அசையவில்லை. மயிலாத்தாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த வட்டங்களில் இடது ஓரத்து வட்டம்தான் எஞ்சினின் சூட்டைக் காட்டுவது என்று மகள் விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போயிருந்தாள். "இது பாதியைத் தாண்டிப் போச்சுன்னா சத்தம் போடும்மா. வேற எதையும் தொடாத. காலைக் கீழ வெக்காத, பெடல் இருக்குது." காலைக் கீழே வைக்காமல் வேறெங்கே வைப்பது என்று அவள் கேட்கவில்லை. புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் சீட்டுக்கு அடியிலே மடக்கி இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓடுகிற பஸ்ஸை மறித்துப் படுத்திருக்கிறாள். போலீஸ் வேனின் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு சிங்காநல்லூரிலிருந்து கோர்ட்டு வரைக்கும் கோஷம் போட்டிருக்கிறாள். லாரிக்கு மேலே ஏறி மைக் இல்லாமல் பேசியிருக்கிறாள். ஆனால் ஒரு வண்டியில், ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில், இதுவரை உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தவுடனே தெரிந்துவிட்டது, இது தனக்கான இடமல்ல என்று. சீட்டு அவளை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்தது. பின்சீட்டு இல்லை, அதைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்திருந்தார்கள், ஜெயில் மாதிரி. ஜெயில் அவளுக்குப் பழக்கம்தான், அதில் பயமில்லை. பயம் வாய்க்குள்ளே இருந்தது. சொல்லாமல் வைத்திருந்த ஒரே ஒரு வாக்கியம், ஊறவைத்த புளி மாதிரி நாக்குக்கு அடியிலே கிடந்தது. நாளைக்குப் போகாத கண்ணு. அவ்வளவுதான். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஃபேன் சுற்றினால் வேலை முடிந்தது என்று அர்த்தமாம். பானெட்டை மூடுவார்கள். வண்டியை ஏற்றிப்போக டெம்போ வரும். அதற்குள் சொல்லிவிட வேண்டும். ஃபேன் சுற்றுவதற்குள் சொல்லிவிடுவது என்று மயிலாத்தாள் தனக்குத்தானே தீர்மானம் போட்டு, தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றிக்கொண்டிருந்தாள்.

பானெட் தூக்கி நின்றதால் மகளின் முகம் தெரியவில்லை. பானெட்டின் கீழ் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த சந்தில் ஒரு கை மட்டும் வந்து வந்து போனது. கிரீஸ் படிந்த கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. கயிறு எதற்கடி என்று கேட்டபோது, "சும்மாம்மா, அழகுக்கு" என்றாள். அழகுக்காம். பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்த பிள்ளை. கோயமுத்தூர் கணபதியில், மோட்டார் பம்பு செட்டுக்கு வார்ப்பு ஊற்றுகிற பட்டறைகளுக்கு நடுவே இருந்த இந்த ஷெட்டில், அந்தக் கையும் ஹக்கீமின் கையும் மத்தியானத்திலிருந்து செய்துகொண்டிருந்த வேலையை அவள் கூடவே நின்று பார்த்தாள். ஹக்கீம், மகளோடு பங்காக இந்த ஷெட்டை நடத்துகிறவன். நாற்பது வயசு, வாய் ஓயாது. கையளவு அலுமினியச் சாமான் ஒன்றைக் காட்டி மகள்தான் விளக்கினாள். "எஞ்சினு மூச்சு இழுக்கற வாய்மா இது. த்ராட்டில் பாடி. உள்ள ஒரு தட்டு இருக்குது பாரு, காசாட்ட. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா அது திரும்பி வழி விடும். இப்ப இந்த வாய்க்கு அடியில சுடுதண்ணி ஓடுது. இந்தா, இந்த ரெண்டு சின்ன ஹோஸ். ஒண்ணுல வரும், ஒண்ணுல போயிரும்." "சுடுதண்ணி எதுக்கு?" "பனி கொட்டற நாட்டுல அந்தத் தட்டு மேல ஐஸ் புடிச்சுக்குமாம். தட்டு அப்படியே ஒட்டிக்கிட்டா என்ன ஆகறது? அதுக்காக அந்த எடத்தைச் சூடா வெச்சிருக்கறான். நம்மூருல எங்க ஐஸு? சும்மா உள்ள போற காத்தைச் சூடு பண்ணி அனுப்பீட்டு இருக்குது. குளுந்த காத்துதான் எஞ்சினுக்கு பலம்." அதனால் இரண்டு ஹோஸையும் அந்த வாயிலிருந்து உருவி, நடுவே ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைக் கொடுத்து ஒன்றோடொன்று சேர்த்து, கிளிப் போட்டு முறுக்கிவிட்டார்கள். இனித் தண்ணீர் அந்த வாய்ப்பக்கமே போகாது. வந்த வழியே சுற்றிக்கொண்டு திரும்பிவிடும். "அவ்வளவுதானா?" என்றாள் மயிலாத்தாள். "அவ்வளவுதாங்க தோழர்" என்றான் ஹக்கீம். "வெள்ளைக்காரன் ஒருத்தன் வீடியோவுல பண்ணிக் காட்டறான். வேலையை விட அவன் பேச்சுத்தான் ஜாஸ்தி. உங்க கட்சி ஆளாட்ட."

தோழர் என்று அவன் கூப்பிடுவது கிண்டலா மரியாதையா என்று மயிலாத்தாளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இரண்டுமாக இருக்கலாம். முள் இன்னும் கீழேயே கிடந்தது. எஞ்சின் மட்டும் வேகமாக இரைந்தது. ஆரம்பத்தில் அப்படித்தான் இரையும், சூடு ஏறினால் தானாக இறங்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். அவள் வேலை பார்த்த பஞ்சு மில்லில் ஷிஃப்டு தொடங்குகிறபோதும் இப்படித்தான். நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் மிஷின்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசியில் எல்லாம் ஒரே இரைச்சலாகி, காதுக்குள்ளே ஒரு சுவர் எழும்பி நிற்கும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் அவள் படிக்கக் கற்றாள். பள்ளிக்கூடத்தில் அல்ல. நோட்டீஸில். ரோஸ் காகிதத்திலும் மஞ்சள் காகிதத்திலும் அச்சடித்த துண்டறிக்கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டபடி, முடிச்சுக்கு முடிச்சு ஒரு சொல்லாக. முதலில் அவள் எழுத்துக் கூட்டிப் படித்த நீண்ட சொல் சுரண்டல். அடுத்தது இடைத்தரகர். அம்மா அப்பா ஆடு இலை எல்லாம் அதற்கப்புறம்தான். ஆகவே தேவையில்லாத இடத்துக்குப் போகிற தண்ணீரை நிறுத்திவிட்டோம் என்று மகள் சொன்னபோது, மனதுக்குள் ஒரு ஓரத்தில் கைதட்டல் கேட்டது. சரிதான். நடுவில் உட்கார்ந்து தின்கிறவனைத் தூக்கு. நேராக இணை. வாழ்நாளெல்லாம் அவள் பேசியது அதைத்தானே. ஆனால் கைதட்டல் ஓய்ந்ததும் இன்னொரு ஓரத்திலிருந்து ஒரு குரல் எழுந்து கேட்டது: யார் தேவை, யார் தேவையில்லை என்று முடிவு கட்டினது யார்? எவனோ ஒருத்தன் காரணம் இல்லாமலா அந்த ஹோஸை அங்கே கொண்டு போயிருப்பான்? நாளைக்குப் போவது கோத்தகிரிக்கு மேலே, ஒரு தேயிலை எஸ்டேட்டின் ரோடு. விடியக்காலம். பந்தயம் நடத்துகிற கிளப்புக்காரர்கள் ஒவ்வொரு வண்டியாக விட்டு மலை ஏறச் சொல்லி நேரம் எடுப்பார்களாம். அங்கே பனி இல்லையா? தட்டு ஒட்டிக்கொண்டால்? மிதித்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டால்? கேட்டுவிட்டாள். "ஐஸ் புடிக்கற அளவுக்கெல்லாம் இல்லைம்மா" என்று சிரித்தாள் மகள். சிரித்தால் பயம் போய்விடுமா.

பயம் அந்தத் தட்டைப் பற்றியதும் அல்ல, அது தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பயம் போன வருஷத்திலிருந்தே இருந்தது. சூலூருக்கு அப்பால் ஒரு மண் மைதானத்தில், கூம்பு கூம்பாக நட்டுவைத்து அவற்றைச் சுற்றி வளைந்து ஓட்டுகிற பந்தயத்தில், மகள் வண்டியைப் புரட்டினாள். மயிலாத்தாள் அங்கே இல்லை. பணக்காரன் வீட்டுப் பிள்ளைகள் பெட்ரோலைக் கொளுத்தி விளையாடுகிற இடத்துக்குத் தான் வரமாட்டேன் என்று முதல் நாளே அறிவித்திருந்தாள், வந்ததுமில்லை. போன் வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஹக்கீம்தான் பேசினான், வழக்கமான வாய் அன்றைக்கு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தால் மகள் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். "என்னடி ஆச்சு?" "வளைவுல ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்திருக்கணும்மா. எடுக்கலை." "ஏன் எடுக்கலை?" அதற்கு மகள் பன்னை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னாள்: "எடுத்தாத் தோத்துருவேனே." அந்தச் சொல்தான். அந்தச் சொல்லை மயிலாத்தாள் எங்கேயோ கேட்டிருந்தாள், எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இல்லை, அது அவள் வாயிலிருந்து வந்த சொல்தான். பால் கொடுத்தபோது அதோடு சேர்ந்து போயிருக்க வேண்டும். விண்ணில் பறந்த முதல் பெண்ணின் பெயரை வைக்கிறேன் என்று வாலன்டினா என்று பெயர் வைத்தாள். ரேஷன் கடைக்காரன் மூன்று தரம் எழுதி மூன்று தரமும் தப்பாக எழுதினான். ஷெட்டில் அது டினா என்று சுருங்கிவிட்டது. உறவு முழுக்கச் சிரித்தது. பறக்கட்டும் என்று வைத்த பெயர். இப்போது பறக்கிறாள். பறக்கிறவளுக்கு வீம்பையும் கொடுத்துவிட்டோமே என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் முதல்முறையாக நினைத்தாள். மைதானத்தில் புரண்டால் மண். மலையில் புரண்டால் என்ன இருக்கிறது? அவள் அந்த வளைவுகளைப் பஸ்ஸில் போனபோது பார்த்திருக்கிறாள். ஒரு பக்கம் தேயிலை. இன்னொரு பக்கம் ஒன்றும் இல்லை.

முள் கொஞ்சம் எழுந்தது. எழுந்ததா, இல்லை கண் கூசியதா? எழுந்துதான் இருந்தது, தூங்குகிறவன் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பது போல. ரேடியேட்டர் வாயில் ஒரு புனலைச் சொருகி வைத்திருந்தார்கள். பச்சைத் தண்ணீர் அதில் பாதிக்கு நின்றது. ஹோஸை உருவிப் பூட்டினதில் உள்ளே காற்று புகுந்திருக்கும், அது குமிழி விட்டு வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு எஞ்சின் வெந்துபோகும் என்று ஹக்கீம் சொல்லியிருந்தான். குளுக் என்ற சத்தம் கேட்டது. "ஒண்ணு வந்துருச்சு" என்றது அவன் குரல். தித்திப்பான ஒரு நெடி உள்ளே வந்தது, காய்ச்சி மறந்துபோன பாகு மாதிரி. அந்த நெடியில் மனம் வழுக்கி அது போகக்கூடாத இடத்துக்குப் போனது. போகாதே என்றால் போகிற மனசு. மில் கேட்டுக்கு வெளியே போட்டிருந்த ஸ்டிரைக் பந்தல். கஞ்சிப் பானை. மழை. இணைப்பை உருவிவிட்டு நேராகச் சேர்த்துவிட்டால் வேலை சுலபம் என்று கண்டுபிடித்தது இந்த வெள்ளைக்காரன் இல்லை. சங்கத்துச் செயலாளர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். ஸ்டிரைக் நடந்த அத்தனை நாளும் ஆபீஸிலிருந்து சேதி மயிலாத்தாளுக்கு வரும். மயிலாத்தாளிடமிருந்து வைண்டிங் பெண்களுக்குப் போகும். அவர்களிடமிருந்து வரிசை வீடுகளுக்கு. அப்படி ஒரு ஓட்டம். பேச்சுவார்த்தை முடிவுக்கு வந்த அன்றைக்கு அவளிடம் சொல்லாமல் ஆண்கள் நாலு பேர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். மயிலாத்தாள் வந்தால் ஒத்துக்கொள்ளமாட்டாள், அவள் இல்லாமலே முடித்துவிடலாம். முடித்தார்கள். ஆனால் பெண்களுக்குச் சேதி சொல்ல ஆள் இல்லை என்பதை ஒருத்தனும் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் சங்கு ஊதியது. கேட்டைத் திறந்து ஆண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். பந்தலில் இருந்த பெண்கள், கருங்காலிகள் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மழையில் ஓடிப்போய் மறித்தார்கள், மண்ணை வாரி எறிந்தார்கள். போராட்டம் முடிந்து ஒரு ராத்திரி கடந்துவிட்டது. முடிந்தது தெரியாமல் இவர்கள் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மயிலாத்தாள்தான் முன்னால் நின்றாள். அவள் எறிந்த சேறு பட்ட முதல் சட்டை அவள் புருஷன் நாச்சிமுத்துவினுடையது.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முந்தின ராத்திரியே தெரிந்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்தான், சொல்லவில்லை. "ஏன்யா எங்கிட்டச் சொல்லலை?" என்று அன்றைக்குச் சாயங்காலம் கேட்டபோது, சேறு காய்ந்த சட்டையை வாளியில் முக்கியபடி, தலையைத் தூக்காமல் சொன்னான்: "சொல்லியிருந்தா மட்டும் நிறுத்தியிருப்பியா?" நிறுத்தியிருக்கமாட்டாள்தான். இன்றைக்குக் கேட்டாலும் நிறுத்தமாட்டேன் என்றுதான் சொல்வாள், அந்த ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை, அடிமைச் சாசனம், அதை எத்தனை மேடையில் வேண்டுமானாலும் நிரூபிப்பாள். மேடைதான் யாரும் கொடுக்கவில்லை. நாச்சிமுத்துவும் போய்ச்சேர்ந்தான், பஞ்சு நெஞ்சில் படிந்து படிந்து, இருமலிலேயே. செத்தவனோடு எப்படி வாதாடுவது? ஆனால் அந்தக் கேள்வி செத்துப்போகவில்லை. சொல்லியிருந்தா மட்டும் நிறுத்தியிருப்பியா. இப்போது அதே கேள்வி வேறு முகம் மாட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றது: நாளைக்குப் போகாத என்று நீ சொன்னால் மட்டும் உன் மகள் நிறுத்திவிடுவாளா? நிறுத்தமாட்டாள். என் மகள்தானே. அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும்? சொல்லாமல் விட்டுவிட்டு நாளைக்குப் போன் வந்தால்? வராது. வந்தால்? முள் இப்போது தெளிவாகவே நகர்ந்துகொண்டிருந்தது, பாதிக்குக் கொஞ்சம் கீழே. வாக்கியம் நாக்கின் நுனிக்கு வந்தது.

"தோழர்!" ஹக்கீமின் தலை ஜன்னலில் நுழைந்தது. "சீட்டு எப்படி இருக்குதுங்க? கடைசியில ஆட்சியைப் புடிச்சிட்டீங்க போல." "போடா. என்னமோ தொட்டிலாட்ட அமுக்கிப் புடிக்குது." "அதுக்குத்தாங்க அந்தச் சீட்டு. வண்டி பொரண்டாலும் நீங்க பொரளமாட்டீங்க." இவனுக்கு எதைச் சொல்வது எதை விடுவது என்று தெரியாது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலும் நெருங்கினான். "உங்களுக்கு ஒரு வேலை வெச்சிருக்கறோம் நாளைக்கு. மலையில வளைவுக்கு ஒரு ஆளு கொடியோட நிக்கோணும். மேல ஒரு வளைவுக்கு மட்டும் ஆள் கெடைக்கலை. டினாதான் சொன்னா, எங்கம்மாளைக் கேளு, அவங்களுக்குத்தான் கொடி புடிச்சு சர்வீஸ் இருக்குதேன்னு." பானெட்டுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. "நான் அப்படிச் சொல்லலை. வருவாங்களான்னு கேட்டேன், அவ்வளவுதான்." "என்ன கொடி?" என்றாள் மயிலாத்தாள், கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே. "மஞ்சக் கொடி காட்டுனா பாத்துப் போ. சிவப்புக் கொடி காட்டுனா நில்லு." "காட்டுனா நிப்பாங்களா?" "நிக்காம? எம்மாம் பெரிய ஆளு மகனா இருந்தாலும் அந்த எடத்துலயே நின்னாகோணும். நிக்கலைன்னா பந்தயத்தை விட்டே தூக்கிருவாங்க." மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. எத்தனை வருஷம் அந்தக் கொடியைப் பிடித்திருக்கிறாள். அதைக் கண்டு ஒரு கட்டைவண்டிகூட நின்றதில்லை. "என்னைய நக்கல் பண்றீங்களாடா" என்று சொல்லிவிட்டு மறுபடி முள்ளைப் பார்த்தாள். பாதி. சரியாகப் பாதியில் வந்து நின்றிருந்தது. குளுக், குளுக் என்று குமிழிகள் வந்தன. பிறகு, அவள் வாயைத் திறந்த அதே நேரத்தில், முன்னாலிருந்து உர் என்ற சத்தம் எழும்பி வண்டியே லேசாக அதிர்ந்தது. ஃபேன் சுற்றிவிட்டது.

போச்சு என்று நினைத்தாள். தீர்மானம் தோற்றது. ஆனால் பானெட்டை யாரும் மூடவில்லை. "எறங்கலையே" என்றான் ஹக்கீம். "மிதிக்காமயே இந்த ஓட்டம் ஓடுது, ஐட்லிங் எறங்கவே இல்லையே டினா." அப்போதுதான் மயிலாத்தாளுக்கும் காதில் பட்டது. சூடு ஏறினால் இரைச்சல் தணியும் என்று சொல்லியிருந்தார்கள். தணியவில்லை. தொடங்கியபோது எப்படி இரைந்ததோ அப்படியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவன் மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. மகள் சுற்றி வந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சூட்டு முள்ளைப் பார்த்தாள், பக்கத்தில் எஞ்சினின் வேகத்தைக் காட்டும் இன்னொரு வட்டத்தைப் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள். சுருக்கியபோது போன வருஷத்துத் தழும்பும் சேர்ந்து மடிந்தது. "எங்கயோ காத்து லீக்கு அடிக்குதா?" "பாத்துட்டேன். இல்லை." "ஆக்ஸிலேட்டர் கேபிள்?" "தளர்வாத்தான் இருக்குது." இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எஞ்சின் கத்தியது. ஃபேன் நின்றது. எஞ்சின் கத்தியது. மயிலாத்தாளுக்குப் பந்தல் போகவில்லை இன்னும் கண்ணை விட்டு, எரிச்சலோடு, யாருக்கென்று இல்லாமல் சொன்னாள்: "எல்லாம் முடிஞ்சுது, சூடு ஏறிப்போச்சு, ஃபேனும் சுத்தீருச்சு. இதுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லலையாட்ட இருக்குது." மகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தது அம்மாவை இல்லை, அம்மாவின் வழியாக வேறு எதையோ. பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஹக்கீமு. அந்தச் சுடுதண்ணி ஐஸுக்காக மட்டும் வரலை. அடியில ஒரு வால்வு இருக்குதுல்ல, மெழுகு வெச்சது? எஞ்சினு குளுந்து கெடக்கறப்ப அது தொறந்து எச்சாக் காத்து விடும். தண்ணி சூடாயி வந்து மெழுகு இளகுனாத்தான் மூடும். நாம தண்ணியவே வெட்டிப்புட்டோம். எஞ்சினு கொதிக்குது, வால்வு இன்னும் குளுருலயே கெடக்குதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்குது." ஹக்கீம் வெள்ளைக்காரனை ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். "அவன் வண்டியில அந்த வால்வே இல்லை போல." "அவனைச் சொல்லி என்ன? நாம பாத்திருக்கோணும்."

இங்கேதான் மயிலாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஹக்கீம் வழி சொன்னான்: வால்வு ஓட்டையை ஒரு தகடு வைத்து அடைத்துவிடலாம், ஸ்க்ரூவில் ஐட்லிங்கை வைத்துக்கொள்ளலாம், எத்தனையோ பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், செய்த வேலையை ஏன் வீணாக்குவது, மற்ற வண்டிக்காரனெல்லாம் எப்போதோ இதைப் பண்ணிவிட்டான். "குளுந்த காத்து டினா. மலையில ஒரு பொடி பலங்கூட வேணும்." மயிலாத்தாள் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும், தன் மகள் என்ன சொல்லுவாள் என்று. அடை. தோற்கக்கூடாது. நானாக இருந்தால் அடைக்கச் சொல்லியிருப்பேன், தகட்டுக்கு மேல் தகடு வைத்து. மகள் உதட்டைக் கடித்தாள். எஞ்சின் இரைச்சலைக் கொஞ்சம் கேட்டாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். ஷெட்டில் திடீரென்று ஓடாத காலத்து மில்லின் அமைதி விழுந்தது. "வேண்டாம். பூட்டீறலாம் பழையபடியே" என்றாள். "மேல விடியக்காலம் குளுரு. வால்வை அடைச்சுப்புட்டு, அந்தக் காத்து இல்லாம ஸ்டார்ட் பண்ணுனதும் நின்னு நின்னு போனா நான் வளைவைப் பாக்கறதா, இதைப் பாக்கறதா? கீழ ட்ராக்குல ஓட்டறப்ப வேணும்னா பாத்துக்கலாம்." "மத்தியானத்துல இருந்து பண்ணுன வேலை." "ஆமா. தப்பாப் பண்ணுனோம். கழட்டு." அவ்வளவுதான். எப்படிச் சொன்னாள். சோற்றில் கல் அகப்பட்டால் எடுத்துப் போடுவது மாதிரி. முகம் கறுக்கவில்லை, குரல் தடுமாறவில்லை, யார் முன்னால் சொல்கிறோம் என்று சுற்றிப் பார்க்கவில்லை. ஈரச் சாக்கை எஞ்சின் மேல் போட்டு ஆறவைத்தார்கள். கையுறை மாட்டிக்கொண்டு, ஹோஸை இடுக்கியால் நெரித்துப் பிடித்து, கிளிப்பைத் தளர்த்தி, பித்தளைத் துண்டை உருவினாள். பச்சைத் தண்ணீர் கொஞ்சம் சிந்தித் தரையில் ஆவி பறந்தது. "ஸ்ஸ்" என்று கையை உதறினாள், சிரித்தாள், மறுபடி குனிந்தாள். கழற்றி வைத்த பித்தளைத் துண்டு டூல் பாக்ஸின் மேலே பளபளத்துக்கொண்டு கிடந்தது. மயிலாத்தாள் அதையே பார்த்தாள். அறுபது வயது தாண்டியும் ஒரு தடவைகூட, கூட்டத்துக்கு நடுவே நின்று, தப்பாகப் பண்ணினோம் கழற்று என்று அவள் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது. அவளோடு நின்றவர்களுக்கும் தெரியாது. அந்தச் செயலாளருக்கும் தெரியாது, அந்த ஒரு விஷயத்தில் அவரும் அவளும் ஒரே கட்சிதான். இந்தப் பெண் எங்கே கற்றுக்கொண்டாள் இதை? நாச்சிமுத்துவிடமிருந்தா? வாளியில் சட்டையை முக்கிக்கொண்டிருந்த அந்தத் தலை குனிவிலிருந்தா? அல்லது நெற்றியில் போட்ட தையலிலிருந்தா? யாரிடமிருந்து வந்தால் என்ன. வந்திருக்கிறது. காலை எடுக்கத் தெரிந்துவிட்டது இவளுக்கு. நான் கொடுக்காததும் இவளிடம் இருக்கிறது.

புனலில் மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். "அம்மா, சாவியைத் திருப்பு" என்றாள் மகள். "நானா?" "நீதானே உக்காந்திருக்கறே." மயிலாத்தாள் சாவியைப் பிடித்தாள். ஒரு வினாடி யோசித்தாள், மைக்கைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் யோசிப்பது போல. திருப்பினாள். வண்டி பிடித்தது. அதே இரைச்சல், அதே பிடிவாதம். குளுக் என்றது ஒரு குமிழி. இன்னொன்று. ஹக்கீம் புனலுக்குள் எட்டிப் பார்த்தான். பக்கத்துப் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டுவது நின்று மறுபடி தொடங்கியது. பிறகு, முதலில் அவளுக்கு அது தன் நினைப்போ என்று பட்டது, இரைச்சலின் ஓரம் கொஞ்சம் தேய்ந்தது. கத்துகிறவன் தன் பேச்சு யார் காதிலோ விழுந்துவிட்டதைக் கண்டு குரலைத் தாழ்த்துவது போல. இன்னும் தேய்ந்தது. மகள் பானெட்டின் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினாள், கேளு என்று. வேகத்தைக் காட்டும் வட்டத்தின் முள் பதறாமல் கீழே இறங்கி இறங்கி ஓர் இடத்தில் நின்றது. எஞ்சின் அடங்கி, சீராக, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள் நடை மாதிரி ஓடத் தொடங்கியது. மழையில் ஓடிய அத்தனை பெண்களையும் மயிலாத்தாள் நினைத்தாள். அன்றைக்கு ஒருத்தி, ஒரே ஒருத்தி, சுடுதண்ணீர் மாதிரி அந்த வரிசைக்குள்ளே ஓடி வந்து சொல்லியிருந்தால். சரி. போகட்டும். இன்றைக்கு இதற்குச் சேதி போய்ச்சேர்ந்துவிட்டது. "தணிஞ்சிருச்சு" என்றாள் சத்தமாக. சத்தம் தேவைக்கு மேலேயே வந்துவிட்டது. நாக்குக்கு அடியில் தேடிப் பார்த்தாள். அந்த வாக்கியம் அங்கே இல்லை. எப்போது முழுங்கினோம் என்று தெரியவில்லை.

ஃபேன் இரண்டாம் தடவை சுற்றி நின்றது. மகள் புனலை எடுத்துவிட்டு மூடியைப் போட்டு இறுக்கி, பானெட்டைத் தாங்கிய கம்பியை மடக்கி, இரண்டு கையாலும் பானெட்டை அமுக்கினாள். அது விழுந்ததும் பானெட்டுக்குப் பின்னால் மறைந்திருந்த அவள் முகம் முழுசாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது, கன்னத்தில் கிரீஸோடு. "என்னம்மா அப்புடிப் பாக்கறே?" "ஒண்ணுமில்லை." மயிலாத்தாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஏன் ஹக்கீமு, அந்தக் கொடிக்குக் கம்பு அவங்களே குடுப்பாங்களா?" ஹக்கீம் மகளைப் பார்த்தான், மகள் அவனைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "குடுப்பாங்க தோழர். சின்னக் கம்புதான், பிளாஸ்டிக்குல." "பிளாஸ்டிக்கு கம்புல கொடி புடிச்சா எவனுக்குடா தெரியும், அதும் பனியில? வீட்டுல மூங்கில் கம்பு கெடக்குது. அதுல மாட்டிக்கறேன்." "கம்பு வண்டிக்குள்ள புடிக்காதுங்களே." "டெம்போ மேல கட்டு." மகள் துணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கியது. "மஞ்சளும் எடுத்துக்கோணும்மா. பாத்ததும் சிவப்பைத் தூக்கீறாத." "எனக்குத் தெரியும் எப்ப எதைத் தூக்கறதுன்னு." கதவைத் திறந்தாள். அவ்வளவு நேரமும் மடக்கியே வைத்திருந்த கால்கள் மரத்துப் போயிருந்தன. ஊன்றி எழலாம் என்று வலதுகாலைக் கீழே வைத்தாள், வைத்த இடம் பெடல். வண்டி ஷெட்டே அதிர ஓர் உறுமல் உறுமியது. "அம்மா! காலை எடு!" எடுத்தாள். அதுவும் அடங்கியது.